கொட்டியாரத்துக் கைதி

இலங்கைச் சரித்திரம் பயின்ற மாணவர் எவரும் றொபேட் நொக்ஸ் என்னும் பெயரைக் கேளாதிருக்க மாட்டார். கண்டி இராச்சியத்திலே பத்தொன்பது ஆண்டுகளுக்கு மேலாகக் கைதியாயிருந்து, பின்னர் தப்பிச் சென்று, அந்நாட்டு மக்களின் உழவையும் உணவையும் சமயத்தையும் சட்டத்தையும் விரித்து நூலெழுதிய ஆங்கிலேயர் அவர். டானியல் டீபோ ‘றொபின்சன் குறூசோ’வை எழுதுவதற்கு நொக்ஸின் சரிதமும் ஒரு தூண்டுகோலாயிற்று என்று ஆராய்ச்சியாளர் பலர் கருதுவர். இவ்விரண்டும் பலரும் அறிந்த செய்திகளே. ஆயின், சித்தம் கலங்கியவர்க்கு மருந்து தேடிய மனிதரின் நெடுங்கதையிலும் நொக்ஸுக்கு ஓரிடம் உண்டு. அதைப்பற்றி நம்மிடையே பேசுவார் அரியர். அக்கதை தொடங்குமிடமோ நமது திருக்கோணமலைத் துறைமுகத்தை அடுத்துக் கிடக்கும் கொட்டியாரக் குடா.

நொக்ஸ் 1641ஆம் ஆண்டு பெப்ருவரி 8ஆம் நாள் இலண்டன் மாநகரிலே பிறந்தார். தந்தையாரின் பெயரும் றொபேட் நொக்ஸ் என்பதே. அவர் கிழக்கிந்தியக் கம்பெனியின் கப்பற்றலைவர். தாயார் அபிகேல், பியூரித்தன் ஒழுக்கத்திலே ஊறியவர். மகனுக்கு வேதநூற் பயிற்சியையும் கட்டுப்பாட்டையும் இளமையிலேயே ஊட்டியவர். மகனோ கடலையே நாடினான். பதினான்காம் வயதிலே தந்தையுடன் முதன்முறையாகக் கப்பலேறினான். 1658ஆம் ஆண்டின் தொடக்கத்திலே ‘ஆன்’ என்னும் கப்பலில் இருவரும் மீண்டும் புறப்பட்டனர். சோழமண்டலக் கரையிலே ஓராண்டு வாணிகம் செய்து நாடு திரும்புவதே நோக்கம். 1659 நவம்பர் 19ஆம் நாள் மசூலிப்பட்டினத்துக்கு அருகே வீசிய பெரும் புயல் அந்நோக்கத்தைச் சிதைத்துவிட்டது. கப்பலைக் காப்பதற்காகப் பாய்மரத்தையே வெட்டி வீழ்த்த வேண்டியதாயிற்று. புதிய மரம் நாட்டுதற்கு ஏற்ற அமைதியான துறை கொட்டியாரம் என்று சென் ஜோர்ஜ் கோட்டை அதிகாரி பணிக்க, பறங்கிப்பேட்டை வணிகர் சிலரையும் அவர்தம் துணிச்சரக்கையும் ஏற்றிக்கொண்டு கப்பல் தெற்கு நோக்கி வந்தது.

கொட்டியாரக் குடாவைக் கண்டவர்க்கு அவ்வதிகாரியின் தெரிவு விளங்கும். மகாவலி கங்கை கடலோடு கலக்கும் இடம். காட்டிலே மரமும் ஆற்றிலே நன்னீரும் குறைவின்றிக் கிடைக்கும் கரை. வடக்கே கோணமாமலை. அதன் உச்சியிலிருந்த கோயிலைப் பறங்கியர் இடித்து நாற்பது ஆண்டுகூட ஆகாத காலம் அது. கரையோரப் பட்டினங்கள் பலவற்றை ஒல்லாந்தர் கைப்பற்றியிருந்தனர். ஆனால் கொட்டியாரத்தில் கண்டி அரசன் இரண்டாம் இராசசிங்கனின் ஆணையே சென்றது. அந்நிய மரக்கலம் ஒன்று வந்து, அரசனுக்கு முறைப்படி திருமுகமோ காணிக்கையோ அனுப்பாது தங்கியிருந்தால் அரசன் ஐயுறுவது இயல்பன்றோ. திசாவை ஒருவன் படையுடன் வந்து, நயமாகப் பேசி, கரைக்கு அழைத்தான். புளியமரத்து நிழலில் அமர்ந்திருந்த கப்பற்றலைவர் ஓசையின்றிச் சூழப்பட்டார். 1660 ஏப்பிரில் 4ஆம் நாளிலே தொடங்கிய சிறைவாழ்வு இது. பிடிபட்ட கப்பலோர் ஈற்றிலே பதினாறு பேராயினர்.

ஈண்டு ஒரு செயலைச் சிறிது நின்று நோக்குதல் தகும். கப்பலையும் பற்றிவிட எண்ணிய திசாவை, கப்பலை ஆற்றுக்குள் கொண்டுவருமாறு ஆணை சொல்ல மகனைக் கப்பலுக்கு அனுப்பினான். தந்தை இரகசியமாகச் சொல்லிவிட்ட செய்தி வேறு: மரக்கலத்தைக் காத்துக்கொண்டு கடலேறிச் செல்க என்பதே அது. அத்துடன் மகன்மட்டும் தம்மிடம் மீண்டுவர வேண்டும் என்றும் ஆணையிட்டார். பத்தொன்பது வயது இளைஞன் கப்பலில் ஏறினான், செய்தியைச் சொன்னான், விடுதலையின் மேற்றளத்திலே நின்றுகொண்டு, மறுபடியும் சிறைக்கரைக்கு இறங்கி வந்தான். கப்பல் பாய்விரித்துப் போயிற்று. தந்தை மகனிடம் அவ்வாறு கேட்டது நியாயமா என்று இன்று நாம் வினவலாம். நொக்ஸ் தமது நூலிலே அதைக் கடமையாகவே சொல்லிச் செல்கிறார். குறைகூறும் குறிப்பு ஒன்றும் அங்கில்லை.

கைதிகளை அரசன் விலங்கிட்டு வைக்கவில்லை. ஊருக்கு ஒருவராகப் பிரித்துவிட்டு, அவ்வவ்வூரார் சோறு கொடுக்க வேண்டுமென்று ஆணையிட்டான். தந்தையும் மகனும் மட்டும் ஒருங்கே இருக்க இடம் பெற்றனர். 1660 செப்டம்பரில் அவர்கள் பண்டார கொஸ்வத்த என்னும் சிற்றூருக்குக் கொண்டுவரப்பட்டனர். அவ்வூர் காய்ச்சலுக்குப் பேர்போனது. இருவரையும் குளிர்காய்ச்சல் பற்றிக்கொண்டது. மலேரியா என்று இன்று நாம் அழைக்கும் நோய் அதுவேயாதல் வேண்டும். ஆனால் தந்தையைக் கொன்றது காய்ச்சல் மட்டுமன்று. கப்பலை இழந்தோம், மகனையும் இக்கதிக்கு உள்ளாக்கினோம் என்னும் துயரம் அவர் நெஞ்சை அரித்தது. மாதக்கணக்காகப் பாயிலே கிடந்து எலும்புந் தோலுமானார். ஒருவர்க்கு நடுக்கம் வரும்பொழுது மற்றவர் எழுந்து தண்ணீர் கொடுக்கவும் இயலாத நிலை. கப்பலிலிருந்து உடன்வந்த பணிச்சிறுவன் ஒருவனே துணை. அவனும், தலைவர் இருவரும் கைதிகளாகிவிட்டதைக் கண்டபின், சொன்ன சொற் கேட்பதைக் குறைத்துக்கொண்டான்.

1661 பெப்ருவரி 9ஆம் நாள் தந்தை இறந்தார். (ஆங்கிலேயர் அக்காலத்திலே மார்ச் மாதத்தில் ஆண்டைத் தொடங்கியமையால் நூலிலே 1660 என்று காணப்படும்.) விடுதலை கிடைக்குமாயின் உடன்பிறந்தாரைப் பேணுமாறு மகனிடம் சொல்லிவிட்டே கண்மூடினார். அடக்கம் செய்யத் துணைவேண்டி அயலாரை அழைத்தபொழுது, மாடு கட்டும் கயிற்றைக் கொண்டுவந்து, பிணத்தின் கழுத்திலே கட்டிக் காட்டுக்கு இழுத்துச் செல்லலாம் என்றனர். அவர்களைக் கொடியோர் என்று கொள்ள வேண்டா. அறியாத இனத்தானின் பிணத்தைத் தொடுவது அவர்தம் வழக்கத்துக்கு மாறானது. காய்ச்சலால் நிற்கவும் வலியற்றிருந்த மகன், கையிலிருந்த சிறு பொருளைக் கொடுத்து ஒருவனைக் கூலிக்கு அமர்த்தித் தந்தையின் உடலைச் சுமந்துபோய்க் குழிவெட்டிப் புதைத்தான். நூல் முழுவதிலும் நெஞ்சை உலுக்கும் பகுதி இதுவென்பது என் கருத்து. எழுதியவர் இருபதாண்டு கழித்து எழுதுகிறார், ஓரிடத்தும் அலறவில்லை. கயிற்றின் பருமனைக்கூட மறவாமல் எழுதுகிறார்.

அதன்பின் ஏறக்குறைய பதினாறு மாதம் காய்ச்சல் அவரை விடவில்லை. தன் மொழி பேசுவார் ஒருவருமில்லை. தந்தைக்கு நேர்ந்த கதி மகனுக்கும் நேர்ந்திருந்தால் வியப்பில்லை. அவர் எவ்வாறு தப்பினார் என்பதே இச்சரிதத்தின் கருப்பொருள். அவரிடம் இரண்டு பக்திநூல்கள் இருந்தன. அவற்றை மனப்பாடமாகும் அளவு படித்து, நாள்தோறும் தனியே வயல்வெளிக்குச் சென்று வழிபட்டு வந்தார். ஒருநாள் ஓடையிலே மீன்பிடித்துக்கொண்டிருந்த வேளையில், முதியவர் ஒருவர் பழைய புத்தகமொன்றைக் கொண்டுவந்து பணிச்சிறுவனிடம் காட்டினார். பறங்கியரிடமிருந்து கொழும்பை ஒல்லாந்தர் பிடித்த காலத்திலே அவர் கையிற் சிக்கிய புத்தகம் அது. திறந்து பார்த்தால் ஆங்கில விவிலியம்! நொக்ஸ் மகிழ்ச்சியால் நடுநடுங்கினார். தம்மிடமிருந்த ஒரேயொரு பொற்காசையும் கொடுக்கத் துணிந்தார். சிறுவனோ விலைபேசுவதில் வல்லவன். ஈற்றிலே பின்னல் தொப்பி ஒன்றே விலையாயிற்று.

அந்தத் தொப்பிதான் பின்னர் அவருக்குச் சோறு போட்டது. தொப்பி பின்னப் பழகி ஊரூராக விற்றார். பன்றியும் கோழியும் வளர்த்தார். நெல்லைக் கடனாகக் கொடுத்து, அறுவடைக் காலத்திலே ஒன்றுக்கு ஒன்றரையாகப் பெற்றார். (கைதியொருவர் வட்டித்தொழில் நடத்தியது இலங்கைச் சரித்திரத்துச் சிறு வியப்புக்களுள் ஒன்று.) எலதெத்த என்னுமிடத்திலே நிலமும் வாங்கி வீடும் கட்டினார். மணம் செய்துகொள்ளவில்லை, இங்கே வேர்விட்டால் தப்பும் எண்ணம் தளரும் என்பது அவருடைய அச்சம். ஆங்கிலேயத் தந்தைக்கும் சிங்களத் தாய்க்கும் பிறந்த லூசியா என்னும் பெண்குழந்தையைத் தம் மகளைப்போல வளர்த்தார். இன்றைய மனநோய் விடுதிகளிலே தாதியர் நோயாளரைக் காலையில் எழுப்பி, கைத்தொழிலில் ஈடுபடுத்தி, பிறரோடு பேசப் பழக்கி, நாளுக்கு ஓர் ஒழுங்கை உண்டாக்குகின்றனர். மருந்து உடலுக்குள் வேலை செய்யும்பொழுது வெளியே இவ்வொழுங்கு வேலை செய்கிறது. நொக்ஸுக்குத் தாதியும் இல்லை, மருந்தும் இல்லை. ஒழுங்கைத் தாமே உண்டாக்கிக்கொண்டார்.

பிறருடைய சித்தக் கலக்கத்தையும் அவர் கூர்ந்து நோக்கியிருக்கிறார். அந்நாட்டு ஆடவரும் பெண்டிரும் சிலசமயம் ஆவேசம் கொண்டாற்போல் ஆவதுண்டு. சிலர் கதறிக்கொண்டு காட்டுக்குள் ஓடுவர், ஆயினும் எவர்க்கும் தீங்கு செய்யார். சிலர் பேச்சிழந்து நடுங்குவர். சிலர் ஆடுவர், தீ மிதிப்பர், தொடர்பின்றிப் பிதற்றுவர். சிலர்க்கு இரண்டு மூன்று நாள், சிலர்க்கு இரண்டு மூன்று மாதம் இந்நிலை நீடிக்கும். சுற்றத்தார் அதைப் பேயின் செயலென்று கொண்டு, குணப்படுத்தினால் காணிக்கை தருவதாகப் பேய்க்கே நேர்ந்துகொள்வர். சிலர் குணமடைவர், சிலர் இறப்பர். நொக்ஸும் அதைப் பேயின் வேலை என்றே நம்பினார். பதினேழாம் நூற்றாண்டுப் பியூரித்தனிடம் வேறு விளக்கத்தை எதிர்பார்க்கலாகாது. ஆனால் விளக்கத்தை நீக்கிவிட்டுக் குறிப்பை மட்டும் எடுத்துக்கொண்டால், நோயின் குறி, நீளும் காலம், பிறர்க்கு ஊறு விளைவிக்குமா என்பது, சுற்றத்தார் செய்யும் பரிகாரம், முடிவு ஆகிய அனைத்தும் ஒழுங்காக இருக்கின்றன. நல்ல தாதியொருத்தி எழுதிவைக்கும் நோயாளர் ஏட்டிலே இதைவிட என்ன இருக்கும்?

இனி மருந்துக்கு வருவோம். தொப்பி விற்கும் சாக்கிலே நொக்ஸும் அவருடைய தோழர் ஸ்தீபன் றட்லண்டும் வடக்கே அடிக்கடி சென்று தப்பும் வழியை ஆராய்ந்தனர். அவ்வாண்டுகளில் மழை பொய்த்தது. எருமை உழக்கிய குட்டைநீரே குடிநீர். இருவரும் கொடிய காய்ச்சலால் மீண்டும் மீண்டும் வீழ்ந்தனர். அப்பொழுதுதான் அந்நீரின் நஞ்சுக்கு மாற்றென்று ஒரு காய்ந்த இலையை அந்நாட்டார் அவர்களுக்குக் காட்டினர். அதைப் பொடியாக்கி, நாட்டுக் கருப்பட்டியோடு கலந்து, காலையும் மாலையும் வெறும் வயிற்றிலே உண்டனர். தலையை மயக்கும்; கிறுகிறுக்கச் செய்யும்; வாந்தியோ பேதியோ உண்டாக்காது. அதன்பின் தமக்கு நோய் வரவில்லை என்று நொக்ஸ் எழுதுகிறார். பறங்கியர் அதை ‘பங்கா’ என்றனர். நாம் பங்கி என்றும் கஞ்சா என்றும் சொல்வது அதுவே. கெட்ட நீரின் நோயைக் கஞ்சா தீர்த்தது என்பதை இன்றைய வைத்தியம் ஒப்புக்கொள்ளாது. பலமுறை காய்ச்சல் கண்ட உடல் அதனைத் தாங்கப் பழகியிருக்கலாம். துன்பத்தின் உணர்ச்சி மழுங்கியும் இருக்கலாம்.

1679 செப்டம்பர் 22ஆம் நாள் இருவரும் எலதெத்தவை விட்டுப் புறப்பட்டனர். அநுராதபுரத்தைக் கடந்து, அருவியாற்றின் கரையைப் பற்றிக்கொண்டு, யானைக்கும் மனிதனுக்கும் அஞ்சிக் காட்டுவழியே நடந்தனர். ஆற்றங்கரையிலே சோறு சமைத்துக்கொண்டிருந்த அந்தணர் இருவரைக் கண்டு, அவர்களுக்குப் பரிசு கொடுத்து வழி கேட்டறிந்தனர். அக்டோபர் 18ஆம் நாள் மன்னாருக்கு அருகேயுள்ள அரிப்பு என்னும் ஒல்லாந்தர் கோட்டையை அடைந்தனர். சிறைவாழ்வு பத்தொன்பது ஆண்டும் ஆறு மாதமும் பதினான்கு நாளும். அது தொடங்கியதும் தமிழ்க் கரை. முடிந்ததும் தமிழ்க் கரை. கீழ்க்கடலிலே பிடிபட்டவர் மேல்கடலிலே விடுபட்டார்.

கொழும்பு, பத்தாவியா, பாந்தம் வழியாக 1680 செப்டம்பரில் நொக்ஸ் இலண்டனை அடைந்தார். திரும்பும் கப்பலிலே எழுதிவைத்த ஏடுகளை உறவினர் ஜோன் ஸ்திரைப் ஒழுங்குசெய்ய, 1681இல் நூல் அச்சேறிற்று. அதற்கு முன்னுரை எழுதியவர் இலண்டன் வேத்தியற் கழகத்தின் பெரும் விஞ்ஞானி றொபேட் ஹூக். நுணுக்குக்காட்டியினூடே உயிரணுவைக் கண்டு அதற்குப் பெயர் வைத்தவர் அவரே. இருவர்க்குமிடையே நட்பு வளர்ந்தது. காப்பிக் கடைகளிலே சந்தித்து, தூரதேசத்துச் செடிகொடிகளையும் வழக்கங்களையும் பற்றிப் பேசுவது அவர்களுக்குப் பழக்கமாயிற்று. 1689 நவம்பரிலே ஹூக் தமது நாட்குறிப்பில், நொக்ஸ் சொன்ன மயக்க மூலிகையின் பெயர்களைப் பதிந்திருக்கிறார்: சோனகர் வழங்கும் பெயர், போர்த்துக்கேயர் பெயர், சிங்களப் பெயர் என மூன்று. நினைவையும் அறிவையும் சிறிதுபொழுது போக்கிவிடும், ஆனால் உடலுக்கு நல்லது எனக் கொள்ளப்படுகிறது என்பதே குறிப்பின் சாரம்.

அவ்வாண்டு டிசம்பர் 18ஆம் நாள் ஹூக் அம்மூலிகையைப்பற்றி வேத்தியற் கழகத்திலே விரிவுரை ஆற்றினார். உண்டவன் தான் காண்பதையும் கேட்பதையும் அறியான், பின்னர் நினையான். ஆயினும் களிப்புறுவான், சிரிப்பான், பாடுவான். சிறிது நேரத்தின்பின் உறங்கி, எழும்பொழுது தெளிவும் பெரும்பசியும் கொண்டிருப்பான் என்றார். தமக்கு அதைக் கொடுத்தவர் பலமுறை தம்மீதே சோதித்தவர் என்றும் சொன்னார். பெயரைச் சொல்லவில்லை, நாட்குறிப்பைக் கொண்டு அவர் நொக்ஸ் என்று அறிஞர் கொள்வர். பின்பு ஹூக் ஒரு கருத்தை முன்வைத்தார். இம்மூலிகை இங்கிலாந்து மண்ணிலே விளையுமாயின், சித்தப்பிரமை கொண்டவர்களுக்கும், தலையையும் வயிற்றையும் பற்றிய வேறு நோய்களுக்கும் பெரிதும் பயன்படக்கூடும் என்பதே அது.

இக்கருத்தை வேறொருவர் சொல்லியிருந்தால் போகிறபோக்கிலே சொன்னதாகக் கொள்ளலாம். ஹூக் சிற்பியுமாவார். இலண்டனின் பெயர்பெற்ற பித்தர் வைத்தியசாலையாகிய பெத்லெத்தின் புதிய மாளிகையை வரைந்து 1676இல் கட்டி முடித்தவர் அவரே. வெளியிலே அரண்மனையின் தோற்றம். வாயிலின்மேல் இரு கற்சிலைகள், ஒன்று துயரில் ஆழ்ந்த பித்தன், மற்றது விலங்கிட்ட வெறியன். உள்ளேயோ இரத்தம் வடித்தலும் பேதிகொடுத்தலும் வாந்தி எடுப்பித்தலுமே மருத்துவம். ஊரார் வந்து பித்தரை வேடிக்கை பார்த்துச் செல்வர்; அவ்வழக்கம் 1770ஆம் ஆண்டுவரை நிலைத்தது. 1684 முதல் அங்கே வைத்தியராயிருந்த எட்வேட் தைசன் பெண் தாதியரை அமர்த்தி, நோயாளரின் உடைக்கும் பராமரிப்புக்கும் வழிசெய்து, சிறிது மனிதத் தன்மையைக் கொண்டுவந்தவர் எனப் போற்றப்படுகிறார். சுவரைக் கட்டியவருக்கு, சுவரினுள்ளே கொடுப்பதற்கு மருந்தில்லை என்பது தெரிந்திருக்கும். அதனாற்றான் காப்பிக் கடையிலே கைதியின் கதையைக் கேட்டபொழுது அவர் மனம் பித்தரை நினைத்தது போலும்.

ஹூக்கின் ஊகம் சரியா? ஒன்றரை நூற்றாண்டுக்கு அதை யாரும் பெரிதாகத் தொடரவில்லை. 1839இல் கல்கத்தாவிலே ஓஷோனெசி என்னும் ஐரிஷ் வைத்தியர் கஞ்சாவை முறையாகச் சோதித்து மேனாட்டு வைத்தியத்துள் புகுத்தினார். 1845இல் பிரான்சிலே மொறோ தானே அதை உண்டு பார்த்து, பைத்தியத்தின் உள்ளனுபவம் இத்தகையதே என்று நூலெழுதினார். ஸ்கொட்லாந்து வைத்தியர் கிளவுஸ்டன் 1870இல் புரோமைட்டோடு கஞ்சாவைக் கலந்து வெறிகொண்ட நோயாளரை அடக்கலாம் என்று காட்டிப் பதக்கமும் பெற்றார். அதன்பின் காற்று மாறியது. 1987இல் வெளிவந்த ஸ்வீடன் ஆய்வு, நாற்பத்தையாயிரத்துக்கு மேற்பட்ட படையாளரைப் பதினைந்தாண்டு தொடர்ந்து நோக்கி, ஐம்பது முறைக்குமேல் கஞ்சா பிடித்திருந்தவர்க்குச் சித்தச் சிதைவு நோய் வரும் வாய்ப்பு பிடியாதவரினும் ஆறுமடங்கென்று கண்டது. பின்வந்த ஆய்வுகளும் அதே திசையையே காட்டின. இளவயதினர்க்கும் வீரியமிக்க வகைகளை உண்போர்க்கும் தீங்கு மிகுதி. ஆகவே பெத்லெத்தின் பித்தருக்கு அவ்விலையை ஊட்டியிருந்தால் பலர்க்கு நோய் முற்றியிருக்கும். ஆயின் முற்றாகப் பிழை என்றும் தள்ளிவிட முடியாது. அதே செடியிலுள்ள கன்னபிடியோல் என்னும் வேறொரு கூறு மயக்கம் தருவதன்று. அது சித்தச் சிதைவைத் தணிக்குமா என்று அண்மை ஆண்டுகளிலே சோதனைகள் நடந்துள்ளன. முடிவு இன்னும் உறுதியாகவில்லை.

உன்மத்தத்தை உண்மையாகவே தணித்த மூலிகை நொக்ஸ் நடந்த தீவிலே வேறொன்று இருந்தது. சர்ப்பகந்தி என நம் வைத்தியர் அறிந்த அச்செடியின் வேரைச் சென், போஸ் என்னும் வங்காள வைத்தியர் இருவர் 1931இல் பித்தருக்குக் கொடுத்துப் பயன்கண்டு எழுதினர். 1952இல் சுவிற்சர்லாந்திலே அவ்வேரிலிருந்து றிசேர்ப்பின் பிரித்தெடுக்கப்பட்டது. அதே ஆண்டில் பாரிசிலே குளோர்ப்புரோமசின் என்னும் இரசாயன மருந்து பித்தரின் வெறியை அடக்குவது காணப்பட்டது. கட்டிவைத்தலும் பூட்டிவைத்தலும் குறைந்து, தாதியர் காவலாளராயிருந்த நிலை மாறத் தொடங்கியது அதன்பின்னரே. மருந்துண்டு அமைதியடைந்த நோயாளரோடு உட்கார்ந்து பேசமுடிந்தது. மருந்தின் பக்கவிளைவாகிய நடுக்கத்தையும் விறைப்பையும் முதலிற் கண்டு வைத்தியருக்குச் சொல்லும் பொறுப்பும் தாதியர் தலையிலே விழுந்தது.

நொக்ஸின் பிற்கால வாழ்வை விரிவாகச் சொல்ல வேண்டுவதில்லை. ஆனால் ஒன்றை மறைத்தலும் தகாது. கம்பெனி அவரைக் கப்பற்றலைவராக்கிற்று. 1684இல் அவர் மடகாஸ்கருக்குச் சென்று அடிமைகளை வாங்கி, சென் ஹெலேனாத் தீவுக்குக் கொண்டுபோகும் வேலையை மேற்கொண்டார். தந்தையின் சாவைக் கண்டவர், பத்தொன்பதாண்டு பிறன் ஆணையிலே வாழ்ந்தவர், பிறரைக் கப்பலின் அடித்தளத்திலே ஏற்றியிருக்கிறார். தம் சிறையை ஆண்டும் மாதமும் நாளுமாக எண்ணியவர்க்கு இது உறைக்கவில்லை என்பது அக்காலத்தின் பொதுக்குற்றமென்று சொல்லி விட்டுவிடலாம். எனக்கு அது போதியதாகத் தோன்றவில்லை. பின்னர் கம்பெனியோடு பிணங்கி, தனியார் கப்பலிலே ஒருமுறை பயணம் செய்து, 1701இல் கடலை விட்டார். கடைசிவரை மணம் செய்யவில்லை. தம் நூலின் படியொன்றினுள்ளே வெற்றுத்தாள்களை இடையிட்டுக் கட்டி, நினைவுக்கு வந்ததையெல்லாம் எழுதிக்கொண்டே இருந்தார். 1720 ஜூன் 19ஆம் நாள் இறந்து விம்பிள்டனிலே அடக்கம் செய்யப்பட்டார். அவ்வேடுகள் ஒக்ஸ்போட் நூலகத்திலே 1910ஆம் ஆண்டளவிலே கண்டெடுக்கப்பட்டு மறு ஆண்டு அச்சாயின.

ஹூக்கின் விரிவுரை 1726இல் அச்சாயிற்று. சொன்னவரும் இல்லை, சொல்லக் கேட்டு எழுதியவரும் இல்லை. 1893ஆம் ஆண்டு, கஞ்சா மனிதரைப் பைத்தியமாக்குகிறதா என்பதை விசாரிக்க இந்தியாவிலே ஆணைக்குழுவொன்று அமைக்கப்பட்டது. அக்குழுவினர் பித்தர் விடுதிகளின் ஏடுகளைப் புரட்டி, நோய்க்குக் காரணம் கஞ்சா என எழுதியிருந்த பல இடங்களிலே, பொலிசார் சொன்னதை ஆராயாமல் பெயர்த்தெழுதியிருந்தமையைக் கண்டனர். அதே 1893இல் மூதூரிலே, ஊரார் வெள்ளைக்காரன் மரம் என்று சொல்லிவந்த புளியமரத்தடியில் நினைவுக்கல் ஒன்று நாட்டப்பட்டது. மரத்தடியிலே பிடிபட்ட கப்பற்றலைவரும், பத்தொன்பதாண்டு சிறையிருந்தவரும் அக்கல்லிலே ஒருவராகவே ஆகிவிட்டனர். பத்து மாதத்திலே துயரத்தால் மாண்ட தந்தைக்கு அதிலே தனியாக ஒரு வரியும் இல்லை.